தூங்குமூஞ்சிக்கு இடமாற்றம்

“மயக்கம் வந்து விழுந்தவர், தலையணையைத் தட்டிப் போட்டுக்கிட்டா விழுவார்?” என்று கேட்டாள் சூப்பர்வைசர்.

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சங்கச் செயலாளர் அசரவில்லை. “தலையணை சரியா இருக்கான்னு பார்க்கறதும் அவர் வேலைதான் மேடம்.”

“போர்வை?”

“குளிர் ஜுரமா இருந்திருக்கும்.”

செயலாளருக்குப் பக்கத்தில் குற்றவாளி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது மெத்தைத் தொழிற்சாலை. ஓரம் தைக்கும் பிரிவில் எல்லோரும் மாடாய் உழைக்க, இவர் மட்டும் தைத்து முடித்த மெத்தைகளின் மேல் ஏறிப் படுத்துவிடுவார். அதையாவது மறைவாகச் செய்யக் கூடாதோ? சூப்பர்வைசர் அறையின் கண்ணாடிக்கு நேர் எதிரே, ஜம்மென்று காலை நீட்டிக்கொண்டு! தூங்குமூஞ்சி என்ற பெயர் வாசல் காவலாளி வரைக்கும் பிரசித்தம்.

“எச்சரிக்கையோட விடுங்க மேடம். நிரந்தரத் தொழிலாளி. சங்கம் விட்டுக்கொடுக்காது.”

“போன வாரமும் இதையேதான் சொன்னீங்க.”

“அடுத்த வாரமும் இதையேதான் சொல்லுவேன்.”

செயலாளரின் சட்டையில் மேல் பொத்தான் அறுந்திருந்தது. ஊசியும் நூலும் அவள் இழுப்பறையில்தான் இருந்தன. விசாரணைக்கு நடுவில் தைத்துத் தரட்டுமா என்று கேட்க முடியுமா? அவர் எழுந்து நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டுப் போய்விட்டார். தூங்குமூஞ்சியும் பின்னாலேயே போனார்.

சூப்பர்வைசர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரமும் வருவார். அந்த ஒரு நினைப்பு போதும், ஏழு நாளையும் ஓட்டிவிடுவாள்.

வெளியே சொன்னால் வெட்கக்கேடு. அவளும் ஒரு காலத்தில் இதே பிரிவில் ஓரம் தைத்தவள்தான், சங்கத்தில் இருந்தவள்தான். வேலைநிறுத்தம் நடந்தபோது வாசலில் அவரும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கோஷம் போட்டிருக்கிறார்கள். அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டால், அவர் விட்ட இடத்திலிருந்து அவள் எடுப்பாள். இரண்டு பேருக்கும் வீட்டில் காத்திருக்க ஆள் கிடையாது. கல்யாணப் பேச்சை இன்றைக்கு எடுப்பார், நாளைக்கு எடுப்பார் என்று அவள் காத்திருந்தாள். அதற்குள் இந்தப் பதவி வந்து தொலைத்தது.

சூப்பர்வைசர் ஆனவள் சங்கத்தில் இருக்க முடியாது. சரி, இருக்க வேண்டாம். கேன்டீனில் அவரோடு இரண்டு வார்த்தை பேசக் கூடவா கூடாது? பேசினால் ‘சங்கத்து ஆளா நீ?’ என்று மேனேஜர் முறைப்பார். ‘செயலாளர் விலை போயிட்டார்’ என்று தொழிலாளிகள் வாயில் போட்டு மெல்லுவார்கள். தோழர் என்று கூப்பிட்ட வாய், மேடம் என்று கூப்பிட ஆரம்பித்தது. புகார் என்று ஒன்று கொடுத்தால்தான் விசாரணை. விசாரணை என்று ஒன்று நடந்தால்தான் அவர் எதிரே வந்து உட்காருவார். அதனால் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

அவரோ கட்டை மாதிரி உட்கார்ந்து சட்டம் பேசிவிட்டுப் போவார். ‘நல்லா இருக்கீங்களா’ என்று மறந்தும் கேட்டதில்லை. கல்நெஞ்சக்காரர். ஆனாலும் அவர் வந்துவிட்டுப் போன நாளில்தான் அவளுக்குத் தூக்கம் பிடிக்கும்.

மறுநாள் காலை தூங்குமூஞ்சி அறைக்கு வந்து நின்றார்.

“மேடம், என்னைப் பஞ்சுக் குடோனுக்கு மாத்திடுங்க.”

பஞ்சுக் குடோன் ஊரின் மறுகோடியில் இருந்தது. அங்கே வேறு சூப்பர்வைசர். இவர் போய்விட்டால்? பிரிவில் மிச்சம் இருக்கிறவர்கள் அத்தனை பேரும் தங்கமான வேலைக்காரர்கள். சல்லடை போட்டுத் தேடினாலும் ஒரு புகாருக்கு ஆள் தேறாது.

“ஏன், இங்க என்ன குறை?”

“வேண்டாம் மேடம், விட்டுடுங்க.”

“நான் புகார் கொடுக்கறதாலயா? அதையெல்லாம் மனசுல வெச்சுக்கலாமா? இத்தனை நாள்ல உங்க மேல ஒரு நடவடிக்கை எடுத்திருக்கேனா?”

“இல்ல மேடம்.”

“அங்க ஒரே பஞ்சுத் தூசி. மூச்சு முட்டும். இங்கேயே இருங்க.” தன் குரல் கெஞ்சுவது அவளுக்கே கேட்டது. வெட்கமாக இருந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை. “வேணும்னா... ஜன்னல் பக்கம் காத்து வர்ற இடமாப் பார்த்துப் படுத்துக்கங்க.”

தூங்குமூஞ்சியின் கண் கலங்கிவிட்டது.

“அங்க போனா வேலை செய்யலாமே மேடம்!”

“என்னது?”

“எனக்குப் பகல்ல பொட்டுத் தூக்கம் வராது. சும்மா கண்ணை மூடிக்கிட்டுக் கிடக்கறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? கை நமநமங்குது. என் பொண்டாட்டி, புள்ளைங்களே சோம்பேறின்னு சிரிக்குதுங்க.”

“அப்புறம் எதுக்குப் படுக்கறீங்க?”

அவர் கதவுப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“வெளிய சொல்லிடாதீங்க மேடம். முன்ன என் வேலை போனப்போ, போராடித் திரும்ப வாங்கிக் கொடுத்தவர் செயலாளர். அவர் பேச்சைத் தட்ட முடியல. ‘ஒரு வாரம் அவங்க முகத்தைப் பார்க்கலேன்னா எனக்குச் சோறு இறங்கலய்யா, எனக்காகப் போய்ப் படு’ன்னு அவர்தான் வாராவாரம் என்னை அனுப்பி வைக்கறார்!”