மேஜை மேல் ஓர் ஊர்

மனுவை நீட்டியதுமே, சுட்டுவிட்டது போல அமைச்சர் கையை இழுத்துக்கொண்டார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. உங்க ஊர்ல அனல்மின் நிலையம் வரணுமா வேண்டாமான்னு முடிவு பண்ண வேண்டியவன் நான். எந்தத் தரப்பையும் பார்க்கக் கூடாது. நடுநிலைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

மூன்று பஸ் மாறி வந்திருந்த செல்லக்கனிக்கு அது நியாயமாகத்தான் பட்டது. மனுவை மடித்துப் பையில் வைத்துத் திரும்பியபோதுதான் ஜன்னலோர மேஜையைப் பார்த்தாள். அட்டையில் செய்த அனல்மின் நிலையம், கம்பெனி பெயர் போட்டிருந்தது. சாண் உயரப் புகைபோக்கி, நீலத் தாளில் கடல். கரையில் அவள் ஊர் மாதா கோயில்கூட இருந்தது. கோயிலிலிருந்து எண்ணிக்கொண்டே வந்தாள். ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி, அடுத்தது அவள் வீடு. அங்கே புல்தரையும் குட்டிக் குட்டி மரங்களும் இருந்தன.

"எங்க வீட்டை எங்கய்யா?"

அந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"ஐயோ, தொடாதீங்கம்மா!" உதவியாளர் பதறி ஓடிவந்தார். "இப்பதான் வெச்சுட்டுப் போறாங்க. பசைகூடக் காயல."

சட்டென்று விரலை எடுத்தாள். ஒரு மரம் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.