ஆள் உட்கார்ந்தால் சரக்கல்ல

“எழுந்திரிங்க. ஏழு பேரும்,” என்றான் சுங்க அதிகாரி பர்ராசா.

ஒருத்தியும் அசையவில்லை.

அமெரிக்காவிலிருந்து எல்லைப் பாலத்தைத் தாண்டி மெக்சிகோவின் ஹுவாரெஸ் நகரத்துக்குள் நுழையும் இடத்தில் ஏழு சக்கர நாற்காலிகள் வரிசையாக நின்றன. ஏழிலும் ஐம்பதைத் தாண்டிய பெண்கள். ஜூன் மாத வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆனாலும் ஒவ்வொருத்தி மடியிலும் தரைவரை இழுத்துவிட்ட போர்வை. நோயாளி என்றால் நோயாளி மாதிரி இருக்க வேண்டாமா?

அமெரிக்கப் பக்கம் இருக்கும் எல் பாசோவின் முதியோர் இல்லங்கள் கழித்துப்போடும் நாற்காலிகளைக் கேட்டு வாங்கி, துடைத்து, எண்ணெய் விட்டு, மாதம் ஒருமுறை இப்படிக் கொண்டுவருவது, வரிசையில் முதலாவதாக இருந்த செனாய்தாவின் ஏற்பாடு. காலி நாற்காலி என்றால் அது சரக்கு, அனுமதி வேண்டும். ஆள் உட்கார்ந்திருந்தால் அது நோயாளியின் உடைமை. சட்டத்தில் இந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவளும் அவள்தான்.

முறைப்படி கேட்டுப் பார்க்காமலில்லை. முதல் தடவை கொண்டுவந்த பதினொரு நாற்காலிகள் கிடங்கில் பதினான்கு மாதம் கிடந்தன. அனுமதி வந்தபோது, அவற்றுக்காகக் காத்திருந்தவர்களில் இரண்டு பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அன்றைக்கே செனாய்தா அந்த அனுமதியைத் தலைமுழுகிவிட்டாள்.

இன்று காத்திருப்பவர்களில் ஃபெர்மீனுக்குத்தான் அவசரம். சாரத்திலிருந்து விழுந்து முதுகு ஒடிந்த கொத்தனார். மூன்று வருடமாக அறையை விட்டு வெளியே வரவில்லை. மாலை ஐந்து மணிக்கு மாதா கோயிலில் அவன் மகள் யாரெட்சியின் பதினைந்தாம் பிறந்தநாள் பூசை; பெண் பெரியவளானதை ஊரே கூடிக் கொண்டாடும் நாள். பூசை முடிந்ததும், வழக்கப்படி முதல் ஆட்டத்தை அவள் அப்பாவோடுதான் ஆட வேண்டும். அப்பாவைக் கட்டிலோடா தூக்கிவர முடியும்?

பர்ராசா, இரண்டாவது நாற்காலியில் இருந்த கூக்காவின் எதிரில் போய் நின்றான்.

“உங்களை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. போன மாசமும் இப்படித்தான் உருட்டிக்கிட்டு வந்தீங்க. சாயங்காலம் குதிகால் செருப்பு போட்டுக்கிட்டு டக்கு டக்குனு நடந்து போனீங்க.”

“என்ன பண்றது சார், அந்தப் பக்கத்து வேலை ஆளை முடமாக்குது. இந்தப் பக்கத்துக் காத்து பட்டா கால் தானா வந்துடுது,” என்றாள் கூக்கா.

பின்னால் வரிசையில் சிரிப்பு. பர்ராசாவின் காது சிவந்தது.

“நடக்க முடிஞ்சவங்க நாற்காலியை இங்கயே விட்டுட்டுப் போகணும். அனுமதி வந்ததும் வாங்கிக்கலாம்.” செனாய்தாவின் பக்கம் திரும்பினான். “முதல்ல நீங்க எழுந்திரிங்கம்மா. நீங்கதானே இந்தக் கூட்டத்துக்குத் தலைவி.”

செனாய்தாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

“நீ டாக்டரா தம்பி?”

“இல்ல.”

“அப்ப என் காலைப் பத்தி உனக்கென்ன பேச்சு? பையைக் கொட்டச் சொல்லு, கொட்டறேன். என்னை எழுந்திரிக்கச் சொல்ல நீ யாரு?” தலையைத் திருப்பாமலே அடுத்ததைச் சொன்னாள். “பிரேக்கைப் போடுங்கடி.”

ஏழு பிரேக்குகள் விழுந்தன. நடைபாதை அடைத்துக்கொண்டது.

பைகளோடும் பிள்ளைகளோடும் பின்னால் நின்ற கூட்டம் முதலில் முணுமுணுத்தது. பிறகு கத்தியது, அதுவும் அதிகாரியைப் பார்த்து. “உங்கம்மாவா இருந்தா இப்படி எழுப்புவியாடா?” என்றது ஒரு குரல். யாரோ சீட்டியடித்தார்கள். அது அம்மாவை இழுத்துத் திட்டும் சீட்டி என்று அங்கே பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.

பர்ராசா கால் மணி நேரம் தாக்குப்பிடித்தான்.

“போங்க. ஆனா சாயங்காலம் நீங்க திரும்பிப் போற வழியில நானே நிப்பேன். யார் யார் நடந்து வர்றாங்களோ அத்தனை பேரையும் எழுதி வச்சிடுவேன். அப்புறம் ஜென்மத்துக்கும் நாற்காலியோட உள்ள வர முடியாது.”

“எழுதிக்க,” என்றாள் செனாய்தா. “பேரைத் தப்பில்லாம எழுது.”

சொன்னபடியே அவன் நின்றான். வெயில் சாயும் நேரம், கையில் நோட்டு.

ஆறு பேர் நடந்து வந்தார்கள். ஒளியவில்லை, தலையைக் குனியவுமில்லை. கூக்காவும் அவள் தோழி ஒஃபேலியாவும் கைகளைக் கோத்துப் பின்னிக்கொண்டு நடுவில் வந்தார்கள். அந்தக் கைப்பின்னலின் மேல், இருவர் தோளிலும் கை போட்டு, பல்லக்கில் வருகிறவளைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள் செனாய்தா.

போர்வை இல்லை. பாவாடை முழங்காலோடு தொங்கிக் காற்றில் ஆடியது. முழங்காலுக்குக் கீழே அவளுக்குக் கால்களே இல்லை.

நோட்டில் எழுதிக்கொண்டிருந்த பர்ராசா நிறுத்தினான்.

“அம்மா... உங்க நாற்காலி?”

“ஃபெர்மீன் ஆள் வாட்டசாட்டம். மத்த ஆறு நாற்காலியும் அவன் இடுப்புக்குப் பத்தல. என்னோடதுதான் பொருந்திச்சு. என்னமா ஆடினான் தெரியுமா!”

காலையில் போர்வையை விலக்கிக் காட்டியிருந்தால் போதும், அவளை மட்டும் கும்பிட்டு அனுப்பியிருப்பான். தான் மட்டும் போவதற்காக அவள் வரவில்லை.

“ஏன் நிறுத்திட்ட? எழுது. அடுத்த மாசம் நாற்காலியில உட்கார்ந்து வர, பூசையிலயே வேற ஆளுங்க சேர்ந்தாச்சு.” செனாய்தா அவன் நோட்டை எட்டிப் பார்த்தாள். “என் பேரையும் எழுது தம்பி. நடந்து வந்தேன்னு மட்டும் எழுதிடாத.”