திடீர்ச் சொந்தம்

கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து, நான்காவதும் பெண்ணாகப் பிறந்த மறுவாரம், கோத்தியே பிரபுவின் மனசாட்சி விழித்துக்கொண்டது.

"எர்மெலின், உன் கொள்ளுப்பாட்டியும் என் கொள்ளுத்தாத்தாவும் கூடப்பிறந்தவங்களாம். திருச்சபைச் சட்டப்படி நம்ம கல்யாணம் பாவமாம்! செல்லாதுன்னு பிஷப்பே முத்திரை வெச்சுட்டார்."

"அடடா, இத்தனை நாள் தெரியாமப் போச்சே!" என்றாள் மனைவி, தொட்டிலை ஆட்டியபடி. "எங்கண்ணன் சும்மா இருப்பாரா? படையோட வந்துடுவாரே."

"வரட்டுமே! இந்தக் கோட்டையை எவனாலயும் பிடிக்க முடியாது. நீ சாயங்காலத்துக்குள்ள கிளம்பு."

"கிளம்ப வேண்டியது நீங்க. கல்யாணமே செல்லாதுன்னா சீதனம் மட்டும் செல்லுமா? இது எங்கப்பா சீதனமாக் கொடுத்த கோட்டை. பிஷப்புக்கு அந்த வம்சாவளியை எழுதிக் கொடுத்ததே அண்ணன்தான். கீழே படையோட நிக்கறார். போறப்போ வாசக்கதவைத் திறந்துவிட்டுட்டுப் போங்க."