இடப்பக்கத்துப் பால்

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியில் சுவர் சரிந்து, சுபைறாவின் இரட்டைப் பிள்ளைகளில் ஆண் பிள்ளை மௌத்தானது. பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. கணவன் சரீப் மறுநாள் தன் கையாலேயே அதை மையவாடியில் அடக்கம் செய்துவிட்டு வந்தான்.

மகன் குடித்தது இடப்பக்கத்தில். மகள் வலப்பக்கத்தில் மட்டுமே வாய் வைப்பாள். இடப்பக்கம் பால் கட்டிக் காய்ச்சல் வரும் என்று பிரசவம் பார்த்த மிட்வைப் தங்கேஸ்வரி துணியால் இறுக்கிக் கட்டச் சொன்னாள். ஆனால் பால் கட்டவில்லை. காலையில் கனத்திருக்கும் மார்பு, சுபைறா மகளைத் தூங்கவைத்துவிட்டுச் சோறு வடிக்கும் நேரத்தில் லேசாகிவிடும். துணியில் ஈரம் இருக்காது. சரீபிடம் சொன்னாள். அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

மகளுக்கு ஏழாம் மாதம் நடக்கையில் தங்கேஸ்வரி பிள்ளையைப் பார்க்க வந்தாள்.

"இடப்பக்கம் பால் வத்திற்றா, புள்ள?"

"இல்ல மிஸி. அவன் வத்த விடுறானில்ல."

தங்கேஸ்வரி கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தாள். காம்பின் ஓரத்தில் இரண்டு சின்னப் பல்தடங்கள் சிவந்திருந்தன. அவள் மகளின் வாயைத் திறந்து ஈறை விரலால் தடவினாள். ஒரு பல்லும் முளைத்திருக்கவில்லை.

சுபைறா சட்டையை மூடிக்கொண்டாள்.

"பல்லு வந்திற்றுத்தானே மிஸி, இனி அவனுக்குச் சோறு குடுக்கலாமா?"