ஷெட்டுக்குப் பின்னால்

ஆபரேஷனுக்குப் பின் குளிர்காலம் முழுவதும் மகள் வீட்டில் இருந்துவிட்டு மார்ச்சில் திரும்பிய மேவிஸ், கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"நார்மன், என் பிரிம்ரோஸ் தட்டு எங்கே?"

இறந்துபோன தங்கையின் தோட்டத்தில் கடைசியாக எடுத்த பூ விதைகள். கிளம்பும் முன் மண் நிரப்பிய தட்டில் தூவிவிட்டுப் போயிருந்தாள்.

கணவர் ஜன்னலோரம் கைகாட்டினார். தொட்டிகளில் மஞ்சள் பூக்கள்.

மேவிஸின் முகம் வெளுத்தது. "வீட்டுக்குள்ளயா வச்சிருந்த?" குனிந்து பார்த்தாள். "விதை போட்டு அதுக்குள்ள பூவா? இது கடையில வாங்கினது!"

நார்மனின் குரல் உடைந்தது. "மன்னிச்சிடு மேவிஸ். தட்டு ஷெட்டுக்குப் பின்னாடி கிடந்தது மறந்தே போச்சு. பனி கொட்டி கல்லா உறைஞ்சிடுச்சு. அதைப் பார்த்ததுலருந்து அந்தப் பக்கமே போகல. உன் தங்கச்சியோட விதையை நானே கொன்னுட்டேன்."

மேவிஸ் கைத்தடியோடு ஷெட்டுக்குப் பின்னால் விரைந்தாள். பனி கரைந்த தட்டு முழுக்கக் கடுகளவில் பச்சை முளைகள்.

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"குளிர்ல கிடந்தாத்தான் இது முளைக்கும். நீ மறந்துடுவேன்னு நம்பித்தான்யா இங்க வெளியில விட்டுட்டுப் போனேன். ஞாபகம் வந்தா இரக்கப்பட்டு அடுப்புப் பக்கத்துல வச்சிடுவியேன்னுதான் ஃபோன்லகூட வாயைத் திறக்கல!"