சிவப்புப் பெருக்கல் குறி

"தம்பி, மறுபடியும் படுத்துடுச்சு" என்றார் பெரியவர் போனில்.

எனக்குச் சுருக்கென்றது. போன சனிக்கிழமைதான் அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் பழுதான ராம் என்கிற நினைவகப் பட்டையை மாற்றி, புது ஓ.எஸ். போட்டு, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

"என்ன வருது ஐயா?"

"முதல்ல கம்பெனி முத்திரை வருது. அப்புறம் திரை முழுக்க நீலமாகி இங்கிலீஷ்ல ஏதோ திட்டுது. அணைஞ்சு திரும்பவும் முதல்லேருந்து ஆரம்பிக்குது."

என் தொழிலில் இதைவிட மானக்கேடு கிடையாது. பழசு மக்கர் செய்தால் பழசு என்று சொல்லித் தப்பிக்கலாம். புதுசாகப் போட்டது எழுந்திருக்கும்போதே விழுந்தால் பழி என் தலையில்தான். கடையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பெரியவர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"மூத்தவன் வெளிநாட்டிலேருந்து ஞாயித்துக்கிழமையானா இந்தப் பெட்டியிலதான் வீடியோவுல வருவான் தம்பி. போன்ல முகம் துளியூண்டு தெரியுது, என் கண்ணுக்கு எட்டல. பாவம், கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப் போயிருப்பான்."

"மாமா, அண்ணாவுக்கு ஆயிரம் வேலை இருக்கும். மெதுவா பார்த்துக்கலாம், விடுங்களேன்" என்றாள் சின்ன மருமகள், என் முகத்தைப் பார்க்காமல். போன தடவை இப்படியெல்லாம் அவள் சொல்லவில்லை. பெரியவர் இளைய மகனோடும் இந்த மருமகளோடும்தான் இருக்கிறார். மூத்த மகன் பேசினால் இவளுக்கு என்ன குறைந்துவிடும் என்று எனக்குள் ஒரு கடுப்பு.

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. கழற்றுகிற சாமானை வீட்டுக்காரர்கள் கையிலேயே கொடுத்துவிடுவேன். நல்லதைத் திருடிவிட்டான் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது. தெரியாமல் யாரும் திரும்ப மாட்டிவிடக்கூடாதே என்று, அதன்மேல் சிவப்பு மையால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுவேன். அன்றைக்கு அந்தப் பழுதான ராமை, சீப்பு நீளத்துக்கு இருக்கும் பச்சைப் பட்டை, இந்த மருமகள் கையில்தான் கொடுத்தேன். எப்படி மாட்டுவது என்று பக்கத்தில் நின்று கேட்டவளும் இவள்தான்.

இப்போது பெட்டிக்குள் மாட்டியிருந்த ராமில் என் சிவப்புப் பெருக்கல் குறி இருந்தது.

பெரியவர் உள்ளறையில் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். நான் அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போனேன்.

"ஏம்மா, இது யார் வேலை?"

அவள் மழுப்பவில்லை. "நான்தான்."

"அப்பனையும் பிள்ளையையும் பிரிச்சு வெச்சு உங்களுக்கு என்ன கிடைக்கப் போகுது? வயசான மனுஷன், பெத்த பிள்ளை முகத்தைப் பார்க்கக்கூடாதா?"

அவள் அடுப்பை அணைத்தாள். உள்ளறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"என் வீட்டுக்காரரோட அண்ணன் கூப்பிட்டு எத்தனையோ மாசமாச்சுண்ணா. கூடப்பிறந்த தம்பி போன் பண்ணினாலும் எடுக்கறதில்ல. நான் அனுப்பற மெசேஜையெல்லாம் பார்க்கிறாரு, பதில் ஒரு வார்த்தை கிடையாது."

ராமை நீட்டியிருந்த கையை இறக்கினேன்.

"பெட்டி நிஜமாவே கெட்டுக் கிடந்தப்போ மாமா நல்லாத்தான் இருந்தாரு. அவன் கூப்பிட்டுக்கிட்டேதான் இருப்பான், நம்ம பெட்டிதான் சரியில்லன்னு வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தாரு. நீங்க சரி பண்ணினதுக்கு மறுநாள் ஞாயித்துக்கிழமை. நல்ல சட்டை போட்டு, தலை சீவிக்கிட்டு, முன்னால உட்கார்ந்தவர் பொழுது சாயற வரைக்கும் எழுந்திருக்கல. சாப்பாட்டைத் தொடல. என்னால பார்க்க முடியலண்ணா. நேத்து மத்தியானம் அவர் கண்ணசந்தப்போ புதுசைக் கழட்டிட்டு இதை மாட்டிட்டேன்."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பெட்டி ஓடுச்சுன்னா, கூப்பிடாதது அவர்தான்னு மாமாவுக்குத் தெரிஞ்சுடுமே."

கேட்டதற்காக நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. திரும்பிப் போய், அந்தக் கெட்ட ராமை அது இருந்த இடத்திலேயே மாட்டி, தகட்டை மூடித் திருகாணியை முடுக்கினேன்.

பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தார். "என்ன தம்பி, ஆச்சா?"

"போர்டே போயிடுச்சு ஐயா. இந்தப் பழைய மாடலுக்குச் சுலபத்துல கிடைக்காது. தேடிப் பார்க்கிறேன், ரொம்ப நாளாகும்."

ஓடக்கூடிய பெட்டியை ஓடாது என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. மருமகள் கதவோரம் நின்று என்னைப் பார்த்தாள்.

"ஆகட்டும் தம்பி" என்றார் பெரியவர். வெளிக்கதவு வரைக்கும் கூடவே வந்தார். வீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போர்டெல்லாம் தேடாதீங்க. நேத்து அவ அதைத் திறந்து மாட்டினப்போ நான் தூங்கல. கண்ணை மூடிக்கிட்டுப் படுத்திருந்தேன்."

நான் திகைத்துப்போனேன். "தெரிஞ்சுமா என்னைக் கூப்பிட்டீங்க?"

"கூப்பிடாம விட்டா, எனக்கு எல்லாம் தெரியும்னு அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சுடுமேப்பா."