மூன்றாம் நாள் பயிற்சி

"சார், நீங்களே பாருங்க சார். இது பொம்மை இல்ல" என்றாள் நர்ஸ் ஞானசெல்வி. அவளுக்குக் கை நடுங்கியது.

கூடலூரின் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில், அடிபட்டு வரும் குழந்தைகளைக் காப்பாற்றுவது எப்படி என்று இரண்டு நாளாக ரப்பர் பொம்மையை வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார் டாக்டர் ராஜா முகம்மது. மூன்றாம் நாள் காலையில் நிஜப் பிள்ளையே வந்துவிட்டது. பள்ளிக்கூட ஆட்டோவிலிருந்து தெறித்து விழுந்த ஆறு வயதுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார் டிரைவர் கருத்தக்கண்ணன். டியூட்டி டாக்டரோ பிரசவ அறையில்.

பிள்ளை அழவில்லை. தொண்டையில் கரகரவென்று சத்தம் மட்டும்.

ராஜா முகம்மது கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றார். இரண்டு கைகளையும் கோட்டுப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார்.

"நீங்கதான் பாக்கப் போறீக, செல்வி. மொதல்ல என்ன?"

"கழுத்து அசையக் கூடாது சார்."

"பிடிங்க."

முதல் நாள் பாடம் அவளுக்கு நினைவு வந்தது. 'பெத்தவகள வெளிய விரட்டாதீக. பிள்ளை கண்ணுல படுறாப்ல நிறுத்துங்க. ஆனா கை வைக்க விடாதீக, பதட்டத்துல காரியம் கெட்டுரும்.'

"அண்ணே, பெத்தவகளுக்குச் சொல்லியாச்சா?"

கருத்தக்கண்ணன் டாக்டரைப் பார்த்து வாயைத் திறந்தார்.

"அதெல்லாம் பெறகு" என்றார் டாக்டர். "மூச்சு?"

"சரியா இல்ல சார். வாயெல்லாம் ரத்தம்."

"அப்ப என்ன செய்யணும்?"

ஞானசெல்விக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு உயிர் ஊசலாடுகிறது, இந்த மனுஷன் பரீட்சை வைக்கிறாரே. என்ன கல்நெஞ்சு! பல்லைக் கடித்துக்கொண்டு தாடையை முன்னால் தூக்கினாள். குழாயை விட்டு ரத்தத்தை உறிஞ்சி எடுத்தாள். முகமூடியை வைத்து மூச்சுப் பையை அழுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று. கர்த்தரே, கைவிட்டுராதேயும்.

பிள்ளை இருமியது. பிறகு வீறிட்டு அழுதது.

ஞானசெல்விக்குக் கண் நிறைந்துவிட்டது. "இப்பவாச்சும் தொட்டுப் பாக்கலாம்ல சார்?" என்றாள் வெடுக்கென்று.

பிள்ளை மெல்லக் கண்ணைத் திறந்து கால்மாட்டைப் பார்த்தது.

"அத்தா..." என்று அவரை நோக்கிக் கையை நீட்டியது.

டாக்டர் அப்போதுதான் பாக்கெட்டிலிருந்து கைகளை எடுத்தார். அவை அவள் கையைவிட மோசமாக நடுங்கிக்கொண்டிருந்தன.